கைத்திறன் ஏன் தங்குவதில்லை?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவரைக் கேட்டால், "ஆர்டர் இருக்கிறது, ஆள்தான் இல்லை" என்பார். அங்கே தைக்கிறவனைக் கேட்டால், "வேலை இருக்கிறது, இருக்கத்தான் முடியவில்லை" என்பான். முன்னது பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. பின்னது ஷாலிமார் நிலையத்தில் வந்து நிற்கும் தென்னாட்டு ரயில்களில்தான் கேட்கிறது. கல்கத்தாவில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இரண்டையும் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே இதைப் பற்றிச் சிந்திக்கும் கடமையும் மற்றவர்களைவிட நமக்குச் சற்று அதிகம் என்று கருதுகிறேன்.

"விஞ்ஞானம் படிக்கிறவனுக்குத் தையல் கூடத்தில் என்ன வேலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் பட்டம் பெற்றபின் சாயத் தொழிலிலோ, ஆலை நிர்வாகத்திலோ, ஏற்றுமதி அலுவலகத்திலோ போய்ச் சேரப் போகிறவர்கள். இன்னும் ஐந்தாண்டில், "ஆள் இல்லை" என்று சொல்லும் நாற்காலியில் நம்மில் சிலர் உட்கார்ந்திருப்போம். உட்காருவதற்கு முன்பே அந்தச் சொல்லின் உண்மையை ஆராய்ந்து விடுவது நல்லது.

முதலில் திருப்பூரின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். உள்நாட்டுக்குப் பனியன் பின்னிக்கொண்டிருந்த அந்த ஊர், 1978-ல் இத்தாலிய வியாபாரி ஒருவர் வந்து சரக்கு வாங்கத் தொடங்கியபின் ஏற்றுமதி நகரமாயிற்று. 2024–25 நிதியாண்டில் அதன் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய வளர்ச்சிக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது? ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் திருப்பூரிலேயே தங்கி ஆராய்ந்து, 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஊரின் முதலாளிகளில் பலர் முன்னாள் தொழிலாளிகள் என்பதே அவர் எடுத்துக்காட்டிய செய்தி. காட்டுவேலையை விட்டு வந்தவர் மெஷினில் உட்கார்ந்தார், தொழிலைக் கற்றார், உறவினரோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு மெஷின் போட்டார், பிறகு கம்பெனி வைத்தார்.

அந்தக் காலத்தில் கைத்திறனைத் தங்க வைத்தது எது என்பது இதிலிருந்து விளங்கும். இன்று தைக்கிறவன் நாளை தைக்க வைப்பான் என்னும் நம்பிக்கைதான் அது. அந்த ஏணி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. நிலமும் உறவும் உள்ள ஆண்களுக்குத்தான் அது பெரும்பாலும் எட்டியது. பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் கீழ்ப்படியிலேயே நின்றார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளிகள் நெடுநாள் வேலைநிறுத்தம் செய்ததையும் மறக்கலாகாது. எனினும் ஏணி என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து வருகிற இளைஞனுக்கு அதுவும் தெரிவதில்லை. அவனிடம் உறவினர் கூட்டும் இல்லை, அடமானம் வைக்க நிலமும் இல்லை. அவன் ஏன் தங்க வேண்டும்?

சென்ற விடுமுறைக்குப் பின் ஊரிலிருந்து திரும்பும்போது, பெட்டியில் எதிரே ஓர் இளைஞன் இருந்தான். தெற்கு இருபத்துநான்கு பர்கானாவைச் சேர்ந்தவன். என்னைவிட ஒரு வயது இளையவனாக இருக்கலாம். மெட்டியாபுரூசில் தையல் கற்று, நான்கு ஆண்டுகள் திருப்பூரில் வேலை பார்த்தவன். அவன் பேசிய கொங்குத் தமிழைக் கேட்டு நான் வியந்துபோனேன். ஏன் திரும்பிப் போகிறாய் என்று கேட்டேன்.

"சம்பளம் பரவால்லீங்கண்ணா. நாலு வருசத்துல அஞ்சு கம்பெனி பாத்துட்டேன். மாறுனாத்தான் பீசுக்கு கொஞ்சம் ஏத்திக் குடுக்கறாங்க. ஒரே எடத்துல இருந்தா, நேத்து வந்தவனுக்கும் எனக்கும் ஒரே ரேட்டுங்க" என்றான்.

சற்று நேரம் கழித்து அவனே சொன்னான்: "பேரு சொல்லி யாருங் கூப்புட மாட்டாங்கண்ணா. 'ஏய் இந்திக்காரா'ம்பாங்க. நான் இந்திக்காரனே இல்லீங்களே!"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் சொன்னதில் இரண்டு பெரிய காரணங்கள் அடங்கியிருக்கின்றன. தங்குகிறவனுக்கு ஊதியத்தில் பயன் இல்லை என்பது ஒன்று. தங்குகிறவனுக்கு இடத்தில் பெயர் இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

ஊதியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வேதியியல் படிப்பவர்களுக்கு ஓர் எளிய உண்மை தெரியும். ஒரு வினை பல படிகளாக நடக்கும்போது, அவற்றுள் மிக மெதுவான படியே முழு வினையின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது. மற்றப் படிகள் எவ்வளவு விரைவாக நடந்தாலும் பயன் இல்லை. தையல் வரிசையும் அப்படித்தான். ஒரு டீ-ஷர்ட்டை ஒருவரே தைப்பதில்லை. தோள் இணைப்பவர் ஒருவர், கழுத்துப்பட்டி வைப்பவர் ஒருவர், கை வைப்பவர் ஒருவர், ஓவர்லாக்கில் பக்கம் அடிப்பவர் ஒருவர், பேட்லாக்கில் அடிமடிப்பவர் ஒருவர் என்று வேலை கைமாறிப் போகிறது. கழுத்துப்பட்டி வைப்பவர் தடுமாறினால், அவருக்கு முன்னே துணி குவியும். அவருக்குப் பின்னே இருப்பவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்திற்கு நான் வைத்துக்கொண்டவை. ஒரு கம்பெனியில் நூறு டெய்லர்கள், இருபது பேராக ஐந்து வரிசைகள். மாதம் ஐந்து பேர் விலகுகிறார்கள். ஐந்து பேர் புதிதாகச் சேர்கிறார்கள். புதியவர் முழு வேகத்துக்கு வர மூன்று மாதம் ஆகிறது. அப்படியானால் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் பதினைந்து பேர் பழகாத கைகளாகவே இருப்பார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று பேர் விழுவார்கள். அதாவது, முழு வேகத்தில் ஓடும் வரிசை என்று அந்தக் கம்பெனியில் ஒன்றுகூட இராது. நூற்றில் ஐந்து பேர்தானே போகிறார்கள் என்று முதலாளி நினைக்கிறார். ஐந்து வரிசையுமே நொண்டுகின்றன. சம்பளம் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டும். வரிசை நொண்டியதால் எவ்வளவு நஷ்டம் என்பதை எழுத அதில் பத்தியே இல்லை.

அனுபவம் என்பது அளந்தறியக் கூடிய பொருள்தான். விமானம் கட்டும் தொழிலை ஆராய்ந்து டி. பி. ரைட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1936-ல் ஒரு கட்டுரை எழுதினார். மொத்தம் கட்டிய விமானங்களின் எண்ணிக்கை இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்கு வேண்டிய உழைப்பு ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைகிறது என்று அதில் காட்டினார். பழகிய கை வெளியேறும்போது, அந்தச் சேமிப்பின் ஒரு பகுதியும் அதனுடன் வெளியேறுகிறது.

இதை முதலில் பணமாக எண்ணிப் பார்த்தவர்களுள் ஹென்றி போர்டு ஒருவர். 1913-ம் ஆண்டில் அவருடைய மோட்டார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் ஒன்பது மணி வேலையை எட்டு மணியாக்கி, நாளொன்றுக்கு 2.34 டாலராக இருந்த கூலியை 5 டாலர் வரை உயர்த்தினார். 1915-ல் ஆள் மாறும் விகிதம் 370 சதவிகிதத்திலிருந்து 16 சதவிகிதமாக வீழ்ந்தது. தாம் செய்த செலவுக் குறைப்புகளில் மிகச் சிறந்தவற்றுள் அந்தக் கூலி உயர்வும் ஒன்று என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அவர் தர்மவான் அல்லர். தொழிற்சங்கங்களை நெடுங்காலம் எதிர்த்தவர். 5 டாலர் வாங்குகிறவன் வீட்டில் ஒழுங்காக வாழ்கிறானா என்று பார்த்துவர ஆள் அனுப்பினார். ஆகையால் அவரைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. லாபத்தைத் தவிர வேறொன்றையும் கருதாத ஒருவர் கணக்குப் போட்டாலும், தங்க வைப்பதே மலிவு என்ற விடைதான் வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு 2014-ல் உயர்த்தியது. உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2016-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் கிடைத்த முதல் உயர்வு அது. பன்னிரண்டு ஆண்டுகள் கூலியின் அடிமட்டத்தை அசையாமல் வைத்திருந்த தொழில், பிறகு ஆள் வரவில்லை என்று வருந்துவது எவ்வாறு பொருந்தும்?

மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பீஸ் ரேட்காரனுக்கு அது எட்டுவது அரிது. ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையும் பி.எஃப். எண்ணும் தனக்கு உண்டா இல்லையா என்பதே தெரியாமல் இருக்கிறது.

இனி, பெயரைப் பற்றிய இரண்டாவது காரணத்துக்கு வருவோம். ஆளைப் பிடித்து வைப்பது வேறு, தங்கச் செய்வது வேறு. இந்த வேறுபாட்டை நம் தொழில் உலகம் உணரவில்லை என்பதற்குச் சுமங்கலித் திட்டம் சான்று. தென் மாவட்டங்களிலிருந்து ஏழைப் பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்து வந்து, மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். நடுவில் விலகினால் அந்தத் தொகை கிடையாது. விடுதிக்குப் பூட்டு, வெளியே போக அனுமதிச் சீட்டு, உடன் ஒரு காவல். மூன்றாண்டு ஆள் நின்றது. ஆனால் முடிந்த மறுநாள் ஊருக்குப் போன பெண் தன் தங்கையை அங்கே அனுப்புவாளா? பூட்டினால் நிறுத்திய கை, பூட்டுத் திறந்ததும் போய்விடும். கெட்ட பெயர் மட்டும் ஊரில் நின்றுவிடும்.

2021-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் சங்கம் அதைச் சும்மா விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கத்துக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையே திண்டுக்கல் ஒப்பந்தம் ஏற்பட்டது. எச் அண்ட் எம் முதலிய வெளிநாட்டு வாங்குவோரும் அதற்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்திட்டார்கள். தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, துன்புறுத்தல் நடக்கிறதா என்று தளத்திலேயே கண்காணிக்கும் பொறுப்பை அளித்தார்கள். தையல் கூடங்களில் தைப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அதட்டுகிறவர்களில் பெரும்பகுதியினர் ஆண்கள். இந்த ஏற்பாட்டை மாற்றாமல், "பெண்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?" என்று கருத்தரங்கு நடத்துவதால் என்ன பயன்?

இவ்விடத்தில் முதலாளிகள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது இரண்டு. "விலையை நிர்ணயிப்பவன் அயல்நாட்டான், நாங்கள் எங்கிருந்து கூலியை உயர்த்துவது?" என்பது ஒன்று. இது பொய்யல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது திருப்பூர் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். பெரிய கம்பெனியிடமிருந்து வேலை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சிறிய பவர் டேபிள்காரருக்கு உண்மையிலேயே கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஆனால் இதற்கு விடை கூலியைக் குறைப்பது அன்று. வாங்குகிறவனையும் ஒப்பந்தத்துக்குள் இழுக்க முடியும் என்பதைத்தான் திண்டுக்கல் காட்டியது. தொழிலாளிகளும் முதலாளிகளும் சேர்ந்து அவனிடம் பேச வேண்டிய விஷயம் அது.

"நாங்கள் பழக்கிவிடுவோம், பக்கத்துக் கம்பெனிக்காரன் பத்துப் பைசா கூடக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போவான்" என்பது இன்னொன்று. இதற்கு விடை நமக்கு மிக அருகிலேயே, எல்லைக்கு அப்பால் இருக்கிறது. வங்காள தேசத்தில் 1979-ல் தேஷ் கார்மென்ட்ஸ் என்னும் கம்பெனி, தென்கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு சேர்ந்து 130 பேரைப் பயிற்சிக்காகக் கொரியாவுக்கு அனுப்பியது. 1987-க்குள் அவர்களில் 115 பேர் தேஷ் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்கள். தனிக் கம்பெனியின் கணக்கில் இது நஷ்டம். ஆனால் போனவர்கள் புதிய கம்பெனிகளைத் தொடங்கினார்கள், நடத்தினார்கள். உலகில் ஆடை ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் தேசமாக வங்காள தேசம் வளர்ந்ததில் அந்த 115 பேருக்குப் பங்கு உண்டு. பயிற்சியை ஒரு கம்பெனி தனியாகச் சுமந்தால் அது பயப்படத்தான் செய்யும். ஊரே பொதுநிதி வைத்துச் சுமந்தால் யாரும் யாரையும் கொத்திக்கொண்டு போனதாக ஆகாது. சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்கள் அமைத்த திருப்பூருக்குப் பொதுப் பயிற்சி நிலையங்கள் அமைப்பது இயலாத காரியமா?

அந்த இளைஞன் தொழில் கற்ற மெட்டியாபுரூஸ் நம் பவானிபூரிலிருந்து தொலைவில் இல்லை. கிதிர்பூரைத் தாண்டினால் கார்டன் ரீச்; அதை ஒட்டி மெட்டியாபுரூஸ். அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் ராஜ்யத்தை இழந்து அங்கே வந்து குடியேறியபோது, அவரைத் தொடர்ந்து வந்த தையற்காரர்களின் வழியில் தொழில் வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே முதலாளிக்கு 'ஒஸ்தாகர்' என்று பெயர். வீட்டோடு இருக்கும் தையல் கூடத்துக்கு 'தலிஜ்' என்று பெயர். சிறு பையன் பொத்தான் கட்டுவதில் தொடங்கி, வெட்டுவது வரைக்கும் ஒரே கூரையின் கீழ் கற்கிறான். அவனை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆனால் பூஜைக்கும் ஈதுக்கும் முன்னால் இரவு பகலாக வேலை. பிறகு வேலை தளர்ந்துவிடும். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். என்ற பேச்சே அரிது. ஆகவே அவன் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும் திருப்பூருக்குப் போகிறான். அங்கே வேலை இருக்கிறது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, வேலை நிலையில்லை. இரண்டும் ஓரிடத்தில் கிடைத்தால் அவன் ஏன் ரயிலேறப் போகிறான்?

வேற்றூரில் மனிதன் தங்குவது எதனால் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பவானிபூரில் குஜராத்தியரும் பஞ்சாபியரும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் குடும்பங்கள் கணக்கெழுதவும் சுருக்கெழுத்து எழுதவும் வந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டன. சம்பளம் மட்டுமா அவர்களைத் தங்க வைத்தது? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. கும்பிடக் கோயில் கிடைத்தது. தங்கள் ஊர் அரிசியும் காப்பிப் பொடியும் கடையில் கிடைத்தன. கூடிப் பேசச் சங்கம் கிடைத்தது. நான் வந்த புதிதில் வீட்டுக்காரப் பெரியவர் என் பெயரைத் திருத்தமாக உச்சரிக்க இரண்டு நாள் முயன்றார். மூன்றாம் நாள் சரியாகச் சொல்லிவிட்டார். ஒரே அறையில் பத்துப் பேர் படுத்து, முறை வைத்துத் தண்ணீர் பிடித்து, 'இந்திக்காரா' என்று கூப்பிடப்படுகிற வங்காளிக்கு நம் ஊர் அதைச் செய்ததா?

2023 மார்ச் மாதத்தில் வடநாட்டுத் தொழிலாளிகள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. அரசும் போலீசும் உடனே மறுத்தன. ஆயினும் பலர் அஞ்சி ரயிலேறினார்கள். வதந்தியைப் பரப்பியவர்கள் குற்றவாளிகள்தாம், ஐயமில்லை. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பல ஆண்டு நம்மிடையே வாழ்ந்தவர்கள் ஏன் அதை நம்பினார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரிந்திருந்தால், "அப்படி ஒன்றும் இல்லை, இரு" என்று அவன் சொல்லியிருப்பான். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்திக்குக் கால் முளைக்கிறது.

ஆகவே நான் வற்புறுத்துவது இவைதாம். ஒரே கம்பெனியில் ஆண்டுகள் கூடக் கூடப் பீஸ் ரேட்டும் படிப்படியாக ஏற வேண்டும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்றும் ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒன்று மட்டும் தெரிந்தவனைவிட அதிகம் கிடைக்க வேண்டும். மேற்பார்வை வேலைக்குப் பெண்களும் வெளிமாநிலத்தவரும் உயர வழி இருக்க வேண்டும். விடுதிக்குக் கதவு இருக்கலாம், வெளிப்பூட்டு கூடாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் காகிதத்தில் இல்லாமல் கட்டிடத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக்குப் பொதுநிதி வேண்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. செய்தால் லாபம் என்று கணக்கே சொல்லுகிறது.

இவை முதலாளிகளும் சங்கங்களும் அரசும் செய்ய வேண்டியவை. நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அதை இங்கே கல்கத்தாவில் இருந்தே செய்யலாம். திருப்பூர்க்காரருக்கு வங்காளி தெரியாது; தெற்கு பர்கானாக்காரருக்குத் தமிழ் தெரியாது. நம்மில் இரண்டும் தெரிந்தவர்கள் இருக்கிறோம். எட்டுப் பக்கத்தில், வங்காளியும் தமிழும் எதிரெதிராக அச்சிட்ட ஒரு சிறு நூல் நம்மால் முடியும். ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கேட்டு வாங்குவது எப்படி, பி.எஃப். எண்ணைச் சரிபார்ப்பது எப்படி, மிகைநேரக் கூலிக்குச் சட்டம் என்ன சொல்கிறது, உடம்புக்கு வந்தால் எங்கே போவது, மெஷின் உறுப்புகளுக்குத் தமிழில் என்ன பெயர் என்பவை அதில் இருக்க வேண்டும். சட்டம் படிக்கும் நண்பர்கள் முதற்பகுதியைப் பார்த்துக்கொள்ளட்டும். முதல் பக்கத்தில் தமிழ்க்காரர் படிப்பதற்கென்று ஒரு வாக்கியம் இருக்கட்டும்: "இவர் வங்காளி, இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்."

நம் சங்கத்தின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த யோசனையை முன்வைக்க எண்ணியிருக்கிறேன். வங்காளி எழுதத் தெரிந்த நண்பர்கள் அதற்குள் தங்கள் பெயரைக் கொடுத்துதவ வேண்டுகிறேன். அச்சானதும், ஒரு மாலை நேரம் ஷாலிமார் நிலையத்துக்குப் போய்த் தெற்கே ரயிலேறுகிறவர்கள் கையில் அதை நாமே கொடுத்துவிட்டு வரலாம்.